நன்றியறிதல் கற்பித்த இல்லங்கள்
(கடலூர் – சிதம்பரம் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் ஜெப வாழ்வு பற்றிய ஒரு வரலாற்றுக் கட்டுரை)



யூபிலி மலர் என்றாலே கோவிலின் கதைதான் முதலில் வரும். அடிக்கல் நாட்டிய சுவாமியார் யார், மணிக்கூண்டு எந்த ஆண்டு எழும்பியது, பீடம் யாருடைய காணிக்கை என்று எழுதுவதும், அதைப் படித்து முதியோர் மகிழ்வதும் முறையே. ஆனால் அந்தக் கோவிலுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது வீடு. கடலூர் முதல் சிதம்பரம் வரையுள்ள நம் பகுதியில், கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும், மாலை விளக்கேற்றியபின் பிள்ளைகளை முழந்தாளில் இருத்தி, "இன்றைக்குச் சோறு தந்த ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லு, கண்ணு" என்று சொல்லிக்கொடுத்த தாய்மாரின் வரலாறு எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படவில்லை. அதை நமக்குத் தெரிந்த அளவில் எழுதிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார். புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர் சிறுமியரைத் திரட்டினார். கற்றதை வீட்டிற்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. நோயாளிகளின் வீடுகளுக்கு ஜெபம் சொல்லச் சிறுவர்களையே அனுப்பினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் இதற்குச் சாட்சி. ஆக, முதல் தலைமுறையில் பிள்ளை ஆசிரியர், பெற்றோர் மாணாக்கர். இன்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அந்தக் காலத்தில் பிள்ளைகள் நமக்குக் கற்பித்தார்கள்.

அடுத்து அச்சுப் புத்தகம் வந்தது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் என்றீக்கஸ் சுவாமியார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" பதினாறே பக்கங்கள் கொண்டது. மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த "கிரீசித்தியானி வணக்கம்" குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் கேள்வி பதில் முறையில் அமைந்தது. அதன் போர்த்துக்கேய மூலநூல் சிறுவருக்காகவே எழுதப்பட்டது. நம் பாட்டன்மார் மனப்பாடம் செய்த "சின்னக் குறிப்பிடம்" இந்த மரபில் வந்ததுதான். இந்திய மொழிகளுள் தமிழே முதலில் அச்சேறியது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அப்படி ஏறியது பிள்ளைகள் சொல்லும் ஜெபமும் ஞானோபதேசமும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே!

நம் பகுதிக்கு வருவோம். 1597-இல் இயேசு சபையின் பிமெந்தா சுவாமியார் செஞ்சி நாயக்கரைக் காணச் சென்ற வழியில் சிதம்பரத்தைக் கண்டு, அங்கு நடந்துகொண்டிருந்த கோவில் திருப்பணி பற்றி எழுதிவைத்தார். அவர் வழிப்போக்கர். நம் மாவட்டத்தில் ஊன்றி நின்று உழைத்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, பெஸ்கி என்ற பெயரோடு வந்து, 1747-இல் மறைந்த அவர் விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். மாதா அங்கே சேலை உடுத்தித் தமிழ்த் தாயாக நிற்கிறாள். அவர் தம் பெருங்காப்பியத்துக்குத் தலைவராக ஓர் அரசரையோ வீரரையோ எடுக்கவில்லை. தச்சுத் தொழில் செய்து ஒரு வீட்டைக் காத்த புனித சூசையப்பரை எடுத்தார். 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட "தேம்பாவணி" ஒரு குடும்பத்தின் காப்பியம். நாசரேத்து வீட்டை இவ்வளவு விரிவாகப் பாடிய காப்பியம் நம் மொழியில் வேறில்லை என்பது நம் துணிபு.

ஆனால் காப்பியம் படிப்பவர் சிலர். குருக்கள் அரிதாக வந்துபோன அக்காலத்தில் மற்ற நாள்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும் வீட்டுப் பெரியவர்களுமே. வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்றே "வேதியர் ஒழுக்கம்" என்ற உரைநடை நூலை எழுதியதற்குக் காரணம் இதுவே.

கடலூரிலோ கோவிலே கைமாறிப்போன காலம் ஒன்று உண்டு. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போட்டியில், கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோகிறவர்கள் என்று சந்தேகித்த ஆங்கிலேயர், 1749-இல் கடலூரிலிருந்த கத்தோலிக்கக் கோவிலை எடுத்து, அங்கே 1740 முதல் ஊழியம் செய்துவந்த புரோட்டஸ்டாண்டு மிஷனரி கீர்நாந்தரிடம் ஒப்படைத்தனர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்ததும் கீர்நாந்தரும் ஊரை விட்டுக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். இரு சபையாரும் மாறி மாறி இழந்த கதை இது. இன்று இரு சபையாரும் ஒரே தெருவில் கேக்கு பரிமாறிக்கொள்கிறோம். நாம் சொல்லவந்தது வேறு. கோவில் இல்லாத அந்த ஆண்டுகளில் ஞாயிறு என்பது என்ன? வீட்டில் ஜெபமாலை, வீட்டில் மந்திரம், வீட்டில் தோத்திரம். அது இல்லாத குடும்பத்தில் விசுவாசம் அடுத்த தலைமுறைக்குப் போயிராது.

பொங்கலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். இதில்தான் நம் முன்னோர் அதிகம் தடுமாறினார்கள். காவிரிப் பாசனத்தின் கடைக்கோடியில், வீராணமும் கொள்ளிடமும் நீர் வார்க்கும் சிதம்பரம் பகுதியில் சம்பா அறுவடை தையை ஒட்டி வருகிறது. புது நெல்லைப் பொங்கி நன்றி சொல்வது உழவன் வீட்டுக்கு இயல்பான காரியம். மதுரையில் உழைத்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி, கிறிஸ்தவர்கள் சிலுவையை நட்டு அதன் அடியில் பொங்கலிட இசைந்தார். பின்னர் 1703 நவம்பரில் பாப்பரசரின் பிரதிநிதியாகப் புதுச்சேரியில் வந்திறங்கிய துர்னோன் ஆண்டகை, 1704-இல் வெளியிட்ட ஆணையால், திருமணத்திலும் பெண்பிள்ளை பூப்பெய்திய சடங்கிலும் வழங்கிய பல நாட்டு வழக்கங்களைத் தடுத்தார். 1744-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை உறுதிசெய்து, குருக்கள் அதற்கு ஆணையிட வேண்டும் என்றும் விதித்தார். அந்த ஆணைப்பிரமாணம் 1940-இல்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டு நூற்றாண்டுகளில் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் எதைக் கொண்டாடலாம், எதைக் கொண்டாடக்கூடாது என்ற அச்சம் இருந்துகொண்டே இருந்தது. ஆணையிட்டவர்களின் விசுவாசத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், தான் விதைத்து அறுத்த நெல்லுக்குத் தன் முற்றத்தில் தன் வழக்கப்படி நன்றி சொல்லத் தயங்கிய தகப்பன், பிள்ளைக்கு நன்றியறிதலை எந்தப் பொருளைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருப்பான்?

பழைய ஏற்பாட்டில் இஸ்ராயேல் மக்கள் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தபோது வெறுங்கூடையாகக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அலைந்து திரிந்த முன்னோரின் கதையை, எகிப்தின் அடிமைத்தனத்தை, மீட்பைச் சொல்லி, அதன்பின்பே காணிக்கையை வைத்தார்கள். இணைச்சட்ட நூலின் 26-ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கதை தெரியாத பிள்ளைக்கு நன்றி வராது. சங்கத்துக்குப் பின் தை முதல் நாளில் கோவில் முற்றத்தில் பானைகள் பொங்கி, நெற்கதிரும் கரும்பும் காணிக்கைப் பவனியில் பீடத்துக்குப் போகும் காட்சியை இன்று நாம் காண்கிறோம். அதோடு, வயலுக்கு நீர் விட்ட தாத்தாவின் கதையையும், களையெடுத்த ஆயாவின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொன்னால் அது முழு முதற்பலன் ஆகும்.

இனி, கல்வி. 1776 முதல் இப்பகுதியில் உழைத்த பாரீஸ் வெளிநாட்டு மிஷன் சபையாரின் மேற்றிராணியார் பொன்னாந்த் ஆண்டகை 1844-இல் புதுச்சேரியில் கூட்டிய சங்கம் சுதேசக் குருக்களின் பயிற்சியையும் பள்ளிக் கல்வியையும் முன்வைத்தது. அதே ஆண்டு துய்புய் சுவாமியார் பெண்பிள்ளைகளின் கல்விக்கென்று சுதேசக் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என்று நாம் அறிவது அதுவே. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம்! நாளைய தாய் ஜெபப் புத்தகத்தைத் தானே வாசித்தால் அவள் வீடு முழுவதும் ஜெபிக்கும் என்பதைச் சுவாமியார் கண்டிருந்தார். புதுச்சேரி மிஷன் அச்சகத்தை நடத்தியவரும் அவரே. தேம்பாவணி முதன்முதலில் அச்சேறியதும் (1851–53) அங்கேதான்.

1886-இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டம் ஆயிற்று. 1953-இல்தான் கடலூரின் பெயரும் அதனோடு சேர்ந்தது. இடையில் 1892-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் திருக்குடும்பச் சபை ஒன்றை உலகமெங்கும் ஏற்படுத்தினார். ஒவ்வொரு குடும்பமும் திருக்குடும்பப் படத்தின் முன் நாள்தோறும் ஒன்றாகக் கூடி ஜெபிக்க வேண்டும் என்பதே அதன் முக்கிய ஒழுங்கு. 1921-இல் திருக்குடும்பத் திருநாள் உலகத் திருச்சபை முழுவதற்கும் விதிக்கப்பட்டது. பிறகு 1907-இல் மத்தேயோ சுவாமியார் தொடங்கிய திரு இருதய அரியணை ஏற்றும் பக்தியும், 1942-இல் பெய்டன் சுவாமியார் அமெரிக்காவில் தொடங்கிய குடும்ப ஜெபமாலை இயக்கமும் நம் வீடுகள்வரை வந்தன. பழைய வீடுகளில் நடுக்கூடத்துச் சுவரில் திரு இருதயப் படமும் அதன் கீழ்ச் சிவப்பு விளக்கும் இருப்பது அந்த நாள்களின் அடையாளம்.

அந்த வீட்டு மாலை எப்படி இருந்தது என்பதை இன்றைய இளையோருக்காக எழுதிவிடுகிறோம். கோவில் மணி அடித்ததும் மூவேளை ஜெபம். சமையல் முடிந்து, கூடத்தில் பாய் விரித்து ஜெபமாலை. தூங்கி விழும் கடைக்குட்டியின் முதுகில் பாட்டியின் தட்டு. பிறகு பிரார்த்தனை, இறந்தோருக்காக ஒரு பரலோக மந்திரம். இறுதியில் பிள்ளைகள் ஒவ்வொருவராக அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி முன்னால் கைகுவித்துச் "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்பார்கள். பெரியவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவார்கள். இந்த வழக்கத்தின் அழகை எண்ணிப் பாருங்கள். வணக்கம் பெரியவருக்கு, சொல்லோ கடவுளுக்கு! சோறு போட்ட தாயையும், அந்தச் சோற்றைத் தந்த கர்த்தரையும் ஒரே மூச்சில் நினைக்க இதைவிட எளிய பாடம் எந்த ஞானோபதேச வகுப்பிலும் இல்லை. "குட் நைட்" வந்தபின் இது எத்தனை வீடுகளில் நின்றுபோயிற்று!

பூசை இலத்தீனில் நடந்த காலம் அது. பிள்ளைக்குக் குருவின் முதுகு தெரியும், மணிச்சத்தம் கேட்கும், பொருள் விளங்காது. கடவுளுக்குத் தமிழில் நன்றி சொல்ல அதற்குக் கிடைத்த முக்கியமான இடம் வீடு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், அம்புரோஸ் இராயப்பர் ஆண்டகையின் காலத்தில் (1955–1973), பூசை தமிழுக்கு வந்தது. சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்றும் 1965-இல் அறிவித்தது. ஆனால் வியப்பு என்னவென்றால், கோவிலில் தமிழ் ஒலிக்கத் தொடங்கிய பிறகு வீட்டில் ஜெபம் குறையலாயிற்று. கோவில் சொல்லிக்கொடுக்கும், கன்னியர் சொல்லிக்கொடுப்பார்கள் என்று பெற்றோர் இருந்துவிட்டனர். ஞாயிறு மறைக்கல்வி வாரத்தில் ஒரு மணி நேரம். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது.

பூசை என்பதே நன்றி என்பதும் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்குவதில்லை. "எவுக்கரிஸ்தியா" என்ற கிரேக்கச் சொல்லுக்கு நன்றி கூறுதல் என்றே பொருள். நாம் அதை "நற்கருணை" என்று அழகாகத் தமிழாக்கியபோது கடவுளின் கருணை துலங்கிற்று. மனிதனின் நன்றி சொல்லில் மறைந்துவிட்டது. புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தியைத் தாய் சொல்லிக்கொடுக்கலாம்.

நேர்த்திக்கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆகஸ்டு மாதக் கடைசியில், 29-ஆம் தேதிக் கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருநாளுக்கும் வேளாங்கண்ணி நோக்கிக் காவி உடுத்தி நடந்துவரும் கூட்டம், கடலூர், சிதம்பரம் வழியாகத்தான் போகிறது. அந்த வேளாங்கண்ணிக் கோவிலே, புயலில் தப்பிய போர்த்துக்கேய மாலுமிகள் மாதாவுக்குச் செய்த நன்றிக்கடன் என்பது நம் மரபு. பிள்ளைக்கு மொட்டை, காது குத்து, வெள்ளியில் கண்மலர், ஆளுயர மெழுகுவர்த்தி எல்லாம் நன்றியின் உருவங்களே. நாம் அவற்றைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் "பாஸ் பண்ணிவிட்டால் மெழுகுவர்த்தி" என்று பேரம் பேசக் கற்ற பிள்ளை, பாஸ் ஆகாத ஆண்டில் யாருக்கு நன்றி சொல்லும்? கடனைத் தீர்ப்பது வேறு, நன்றியறிதல் வேறு. சாலையோரத்தில் பந்தல் போட்டு, நடந்துவரும் முகமறியாத யாத்திரிகருக்கு மோரும் தண்ணீரும் கொடுக்கப் பிள்ளைகளை நிறுத்தும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நம் கணிப்பில் அந்தப் பிள்ளைகள் கற்பது பெரிய பாடம். அங்கே பேரம் இல்லை.

பேரத்தின் பொய்மையை நம் கடற்கரை மிகக் கொடிய முறையில் கண்டது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. திருவழிபாட்டு நாட்காட்டியைப் புரட்டினால் அன்று திருக்குடும்பத் திருநாள். (இத்திருநாள் 1969 முதல் கிறிஸ்மசை அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டிருந்தது.) அன்று காலையில்தான் ஆழிப்பேரலை வந்தது. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளைவரை நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் பிள்ளைகள் எத்தனை! அன்றைய பேச்சில், "கோவிலுக்குப் போயிருந்தோம், தப்பினோம், கடவுளுக்கு நன்றி" என்ற சொல் அடிக்கடி கேட்டது. சொன்னவர்களின் மனம் நமக்குப் புரிகிறது. ஆனால் அதே காலையில் வேளாங்கண்ணியில், மாதாவுக்கு நன்றி செலுத்த வந்திருந்த யாத்திரிகர் நூற்றுக்கணக்கில் கடலோடு போனார்கள். அவர்கள் பக்தியில் குறைந்தவர்களா? சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி இதே கேள்வி எழுந்தபோது நம் ஆண்டவர் இல்லை என்றே தீர்த்துச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழந்த தாயின் காதில் விழும்படி நம் பிள்ளையை "எங்களைக் காப்பாற்றினாரே" என்று சொல்லவைப்பது நன்றியல்ல.

பிறகு 2011. கிறிஸ்மஸ் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திருக்குடும்பத் திருநாள் 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குப் போகும். அந்த ஆண்டு அப்படியே ஆயிற்று. டிசம்பர் 30 விடியற்காலையில்தான் "தானே" புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்ட மரம், பேரன் படிப்புக்குப் பணம் தந்த மரம், ஒரே இரவில் விறகாயிற்று. இரண்டு நாள் கழித்து ஆண்டுப் பிறப்பு. வருடக் கடைசி இரவில் "தேதேயும்" பாடி, கழிந்த ஆண்டுக்காக நன்றி சொல்வது நம் பழைய வழக்கம். ஓடு பறந்த வீட்டில், கரண்டு இல்லாத இரவில், எதற்கு நன்றி என்று பிள்ளை கேட்டால் அது தவறான கேள்வியல்ல.

அதற்குப் பதிலாக நாம் வைப்பது சில செய்திகளே. 2004-இல் பிச்சாவரத்துச் சதுப்புக்காடு தன் பின்னால் இருந்த ஊர்களுக்கு அலையின் வேகத்தைக் குறைத்தது. அறிவியலாரும் இதை ஆய்ந்து எழுதியுள்ளனர். சுரபுன்னை மரத்தைப் பிள்ளைக்குக் காட்டி நன்றி சொல்லச் சொல்லலாம். அதை வெட்டக்கூடாது என்றும் அப்போதே சொல்லலாம். அந்த நாள்களில் கோவில், மசூதி, கல்யாண மண்டபம் என்று பாராமல் கதவுகள் திறந்தன. யார் வீட்டுச் சோற்றை யார் தின்றோம் என்ற கணக்கு இல்லை. பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் அந்நியனான சமாரியன் என்பதை லூக்கா எழுதிவைத்திருக்கிறார். நமக்கு உதவிய அந்நியரின் பெயரைக் குடும்ப ஜெபத்தில் சேர்த்துச் சொல்லும் வீட்டில் நன்றியறிதல் வளரும்.

நெய்வேலியில் இரவு ஷிப்டு பார்க்கும் தகப்பன், வளைகுடா நாட்டில் இருக்கும் தகப்பன், டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு வரும் பிள்ளை என்று இன்றைய வீட்டின் நேரம் சிதறிக் கிடப்பது நமக்குத் தெரியாததல்ல. ஐம்பத்துமூன்று மணியும் முடியாவிட்டால் பத்து மணி போதும். செல்போனில் அப்பாவை அழைத்து அவரோடு ஒரு காரணி சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன; அந்தக் கருவிக்கு அது நல்ல வேலை. திருவருகைக் காலத்தில் குடிலுக்காகத் தட்டில் கேழ்வரகு தூவி முளைக்கவைப்பதைக் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் புல்லுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம். தண்ணீர் தெளித்த பிள்ளைக்கு முளை தெரியும்.

யூபிலி ஆண்டில் ஒரு வேண்டுகோள். வருகிற திருக்குடும்பத் திருநாளுக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முழுத்தாள் எடுத்து, பெரியவர்கள் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்: நம் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார், நமக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர் யார், சுனாமியிலும் புயலிலும் 2015 வெள்ளத்திலும் எதை இழந்தோம், அப்போது யார் நமக்குச் சோறு கொடுத்தார். தேதி தெரியாதவர்கள் ஞானஸ்நானப் புத்தகத்தில் பார்க்கப் பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கும். வாசித்துச் சொல்ல ஆள் உண்டு. எழுதிய தாளை அன்றைய பூசையில் காணிக்கையோடு பீடத்தில் வைத்து, பூசை முடிந்ததும் திரும்ப வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.